வெறும் புதர்னு சொல்லாதீங்க சாமி!

போன மாசம் ஆபீஸ்ல எல்லாரும் சேர்ந்து ஏற்காடு போனோம். ஆணி புடுங்கியே அலுத்துப்போன பத்துப் பேர், ஒரு வேன், மூட்டை மூட்டையா சிப்ஸ். அடிவாரம் தாண்டி முதல் கொண்டை ஊசி வளைவு ஏறும்போது பக்கத்து சீட் நண்பர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துட்டு, "இங்க ஒண்ணுமே இல்லையே பாஸ், வெறும் புதர். மேல போனாத்தான் காடு"ன்னார். சொன்ன கையோட காலி பாக்கெட்டை அந்த 'ஒண்ணுமே இல்லாத' இடத்துல வீசிட்டார். எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. பிக்னிக் போற வேன்ல சண்டை போட முடியுமா? அதான் இந்தப் பதிவு.

மேல நாம வாயைப் பிளந்து பார்க்கிற பச்சையில நிறைய இடம் காப்பித் தோட்டம். 1820-கள்ல சேலம் கலெக்டரா இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வெச்ச பயிர். அதுக்கு நிழல் தர்ற சில்வர் ஓக் ஆஸ்திரேலியாக்காரன். கீழ இருக்கிற உசிலை, காரை, சூரை, கள்ளி இதெல்லாம்தான் இந்த மண்ணோட சொந்தப் பிள்ளைங்க. வந்தவனுக்குப் பேரு காடு, இருந்தவனுக்குப் பேரு புதர். நல்லா இருக்குய்யா நியாயம்!

அந்தப் புதர்லதான் கௌதாரி இருக்கு, உடும்பு இருக்கு, கீரி இருக்கு. பக்கின்னு ஒரு பறவை, ராத்திரி மட்டும் நடமாடும். கூடு கட்டுற வழக்கமே கிடையாது, வெறும் தரையில முட்டை வைக்கும். பகல்ல பக்கத்துல போனாலும் காய்ஞ்ச சருகு மாதிரிதான் தெரியும். இப்போ யோசிங்க, மார்ச் மாசம் எவனோ அணைக்காம வீசின பீடியில அடிவாரம் பத்திக்கிச்சுன்னா அந்த முட்டைக்கு என்ன கதி? பேப்பர்ல 'புதர்கள் எரிந்து நாசம்'னு நாலு வரி வரும். அவ்வளவுதான். அதே அடிவாரத்துல குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்கு டிக்கெட் வாங்கி கூண்டுக்குள்ள பார்ப்போம். வேலிக்கு வெளிய ஓடுறது மட்டும் நம்ம கண்ணுக்குத் தெரியாது.

நண்பரை மட்டும் சொல்லிக் குத்தமில்லை. சர்க்கார் கணக்கே அப்படித்தான். இந்திய வன அளவாய்வு நிறுவனம் மரக்கிளை மூடுற பரப்பு 10 சதவீதத்துக்குக் கீழ இருந்தா 'புதர்'னு தனியா ஒதுக்கிடும், காட்டுக் கணக்குல சேராது. மத்திய அரசு போடுற தரிசு நில வரைபடத் தொகுப்புல புதர் நிலம் ஒரு தரிசு வகை. வரி வராத நிலமெல்லாம் வீண் நிலம்னு வெள்ளைக்காரன் எழுதி வெச்சதை இன்னும் காப்பி பேஸ்ட் பண்ணிட்டு இருக்கோம். அந்தப் பக்கமே ஆடு மேய்ச்ச எங்க அப்பாயி வாயில அது என்னைக்கும் 'காடு'தான். அவங்க ஸ்கூல் பக்கம் போனதில்லை. ஒருவேளை அதனாலதானோ என்னவோ.

தரிசுன்னு பேர் வெச்சாச்சுன்னா குப்பை கொட்டலாம், மண் அள்ளலாம், பிளாட் போடலாம். இதைவிட மோசம், நல்லது செய்யறேன்னு கிளம்புறது. ஒரு உண்மையைச் சொல்லிடறேன். ரெண்டு வருஷம் முன்னாடி சமூக சேவைன்னு ஒரு மலையடிவாரத்துல பொக்லைன் விட்டுப் புதரை வழிச்சு, குழி தோண்டி மரக்கன்னு நட்டோம். நானும் நட்டேன். பல்லைக் காட்டி போட்டோ எடுத்துக்கிட்டேன். இந்த தடவை வர்ற வழியில இறங்கிப் பார்த்தேன். தண்ணி ஊத்த ஆளில்லாம கன்னு எல்லாம் காய்ஞ்சு கிடக்கு. புதரும் போச்சு. நான் கெடுத்த இடம் அது.

கன்னு பிழைச்சாலும் எல்லா நேரமும் நல்லதுன்னு சொல்ல முடியாது. கோடியக்கரை போய்ப் பாருங்க. கடலோரப் புதரும் புல்வெளியும்தான் அங்க வெளிமானுக்கு வீடு. 1967ல சரணாலயம் ஆக்கினாங்க. வறண்ட பூமியைப் பசுமையாக்கறோம்னு நாட்டுக்குள்ள கொண்டுவந்த சீமைக்கருவேலம் இப்போ அங்க மான் மேயுற புல்வெளியை முழுங்கிட்டு இருக்கு. பச்சையா இருக்கிறதெல்லாம் காடு இல்லைங்க.

"அப்போ மரம் நடுறதே தப்பா?"ன்னு அடிக்க வராதீங்க. வெட்டின இடத்துல நடுங்க, ரோட்டோரம் நடுங்க, உங்க தெருவுல நடுங்க. புதர்க்காட்டை மட்டும் அதும்பாட்டுக்கு விட்டுடுங்க. மனசு வெச்சா முடியும். கரூர், திண்டுக்கல் மாவட்டத்துல தேவாங்குக்குன்னே 2022ல கடவூர்ல 11,806 ஹெக்டேர்ல சரணாலயம் அறிவிச்சிருக்காங்க. நாட்டுலயே முதல் தேவாங்கு சரணாலயம். அதுவும் வறண்ட காடுதான்.

அடுத்த தடவை ஏற்காடு போனா, அந்த முதல் வளைவுல வண்டியை ஓரங்கட்டி ஒரு பத்து நிமிஷம் சத்தம் போடாம நில்லுங்க. ஒண்ணுமே இல்லையான்னு அப்புறம் சொல்லுங்க.

டிஸ்கி: அந்த நண்பரும் இதைப் படிப்பார். பாஸ், இறங்கி வரும்போது உங்க பாக்கெட்டைத் தேடினேன், கிடைக்கலை. அடுத்த தடவை நீங்களே வந்து எடுங்க :-)