யாரை வைக்கணும், யாரை விடணும்? ஐபிஎல் ரிட்டென்ஷனில் இருக்கும் கோடிக் கணக்கு!

"இவரைப் போய் விட்டுட்டாங்களே!" ஐபிஎல் ரிட்டென்ஷன் பட்டியல் வந்ததுமே ரசிகர்கள் புலம்புவது இப்படித்தான். ஆனா அணி நிர்வாகம் பார்ப்பது, அந்த வீரர் ஏலத்துக்குப் போனா என்ன விலைக்குக் கிடைப்பார் என்பதைத்தான். 2025 மெகா ஏலத்தை வைத்து இந்தக் கணக்கைப் பார்க்கலாம்.

விதி என்ன?

ஒவ்வொரு அணிக்கும் 120 கோடி ரூபாய். ஆர்டிஎம் கார்டையும் சேர்த்து 6 பேர் வரை தக்கவைக்கலாம். சர்வதேச வீரர்கள் 5 பேருக்கு வரிசையாக 18, 14, 11, 18, 14 கோடி கழியும். சர்வதேசப் போட்டியில் ஆடாத இந்திய வீரருக்கு 4 கோடி. மொத்தச் சம்பளம் இதைவிடக் குறைவா இருந்தாலும், இந்தத் தொகை கழிஞ்சே தீரும்.

நடப்புச் சாம்பியனா இருந்த கொல்கத்தாவுக்கு அதுதான் நடந்தது. 6 பேருக்குக் கொடுத்தது 57 கோடி, கழிந்தது 69 கோடி. 12 கோடி சும்மா போச்சு!

சிஎஸ்கே கணக்கு

5 ஆண்டுகளாக சர்வதேசப் போட்டி ஆடாதவர் என்ற விதியில் தோனிக்கு வெறும் 4 கோடி. 2022-ல் அவருக்கு 12 கோடி. இது லாபம்தான். ஆனா ருதுராஜ், ஜடேஜாவுக்குத் தலா 18, பதிரனாவுக்கு 13, துபேவுக்கு 12 என 61 கோடி போனது. மீதி 55 கோடியில் அணியையே கட்டணும். முடிவு? முதல்முறையா கடைசி இடம்.

79 கோடிக்கு 6 பேரை வைத்த ராஜஸ்தானுக்கு 9-வது இடம். ஹெட்மயருக்கு 11 கோடி கொடுத்துவிட்டு பட்லரை விட்டாங்க. அவரை 15.75 கோடிக்கு எடுத்த குஜராத்துக்காக 500 ரன்னுக்கு மேல் அடித்தார்.

அப்போ குறைவா வைத்தா கப்பா?

2 பேரை மட்டும் வைத்த பஞ்சாப், 110.5 கோடியோடு ஏலத்துக்குப் போனது. ஷ்ரேயஸை 26.75 கோடிக்கு எடுத்து ஃபைனல் வரை வந்தது. 3 பேரை வைத்த பெங்களூரு கப்பையே தூக்கியது.

ஆனா அவசரப்படாதீங்க. 5 பேரை வைத்த மும்பையும் குஜராத்தும்கூட பிளே-ஆஃப் போனாங்க. பும்ராவை மும்பை வைத்தது 18 கோடிக்கு. ரிஷப் பண்ட் 27 கோடிக்குப் போன ஏலத்தில் பும்ரா 18 கோடிக்குக் கிடைத்திருப்பாரா? சான்ஸே இல்லை. ஏலத்தில் அந்த விலைக்குக் கிடைக்காத வீரரை வைத்தா லாபம். அதைவிடக் குறைவா கிடைக்கக்கூடியவரை வைத்தா நஷ்டம். எத்தனை பேர் என்பது அடுத்த விஷயம்தான்.

இந்தக் கணிப்பு எவ்வளவு கஷ்டம் என்பதற்கு பதிரனாவே சாட்சி. 13 கோடி அதிகம் என்று 2025 நவம்பரில் சிஎஸ்கே விட்டது. டிசம்பர் மினி ஏலத்தில் கொல்கத்தா அவரை எடுத்தது 18 கோடிக்கு!

அடுத்த முறை பட்டியல் வரும்போது பெயரை மட்டும் பார்க்காம, பக்கத்தில் இருக்கும் விலையையும், கடைசியில் கையில் மிச்சம் எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்க. உங்க டீமோட சீசன் பாதி அங்கேயே தெரிஞ்சுடும்.