பழைய விளையாட்டுப் பத்திரிகைகள்: குப்பையா? புதையலா?



நம்ம விடுதியில் கிரிக்கெட் பேசாத ராத்திரி உண்டா? ஆனால் அந்தக் கிரிக்கெட்டைப் பற்றி வந்த பழைய பத்திரிகைகளை என்ன செய்வது என்று கேட்டால் இரண்டே பதில்தான் வருகிறது. ஒரு கட்சி, "எடைக்குப் போடு, டீ செலவுக்கு ஆகும்" என்கிறது. இன்னொரு கட்சி, "டேய், பத்திரமா வை, பின்னாடி லட்சக்கணக்கில் போகும்" என்கிறது. இரண்டுமே தவறு என்பது என் கருத்து.

முதலில் இந்த லட்சக் கனவைப் பார்ப்போம். பழசானதால் மட்டும் எந்தப் பொருளுக்கும் விலை ஏறுவதில்லை. அது அரிதாக இருக்க வேண்டும். தேடி அலைகிற ஆளும் இருக்க வேண்டும். இங்கிலாந்தின் விஸ்டன் கிரிக்கெட் ஆண்டு மலர் 1864 முதல் வந்துகொண்டிருக்கிறது. எல்லா ஆண்டு மலரும் ஒரே விலைக்குப் போவதில்லை. 1916-ஆம் ஆண்டு மலருக்குத் தனிக் கிராக்கி. 1915-இல் மறைந்த டபிள்யூ. ஜி. கிரேஸ், விக்டர் டிரம்பர் இருவரின் இரங்கல் குறிப்புகளும் அதில் உள்ளன. உலகப் போர்க் காலம் என்பதால் அச்சான பிரதிகளும் குறைவு.

நம் நாட்டுக் கதை வேறு. 1978-இல் சென்னையில் தொடங்கிய ஸ்போர்ட்ஸ்டார் ஏராளமான வீடுகளுக்குப் போனது. ஆகவே சாதாரண இதழ் ஒன்றுக்குப் பெரிய விலை எதிர்பார்க்க முடியாது. ஆனால் நடுப்பக்க வண்ணப் படத்தோடு முழுசா இருக்கிற இதழ் கிடைப்பதுதான் கஷ்டம். கவாஸ்கரும் கபில்தேவும் மாரடோனாவும் பின் கழற்றப்பட்டுச் சுவருக்குப் போய்விட்டார்களே! அமெரிக்காவிலும் இதே கதைதான். 1954 ஆகஸ்ட் 16 தேதியிட்ட ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் முதல் இதழில் பேஸ்பால் வீரர்களின் படச் சீட்டுகள் மடிப்புத் தாளாக வந்தன. அந்தத் தாள் கிழியாத பிரதியைத்தான் சேகரிப்பாளர்கள் தேடுகிறார்கள்.

"அப்போ லட்சம் வராது. எடைக்கே போட்டுடலாமே?" என்பீர்கள். கூடாது!

1983 ஜூன் 18. டன்பிரிட்ஜ் வெல்ஸ் மைதானம். ஜிம்பாப்வேக்கு எதிராக இந்தியா 17 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து கபில்தேவ் ஆட்டமிழக்காமல் 175 ரன் குவித்தார். அடுத்த வாரம் உலகக் கோப்பை நம் கையில். இந்த ஆட்டத்துக்கு டி.வி. பதிவே கிடையாது. செல்போனில் எவ்வளவு தேடினாலும் அந்த இன்னிங்ஸைப் பார்க்க முடியாது. நேரில் பார்த்தவர்கள் எழுதியதும் எடுத்த புகைப்படங்களும்தான் சாட்சி. உலகக் கோப்பை ஆட்டத்துக்கே இந்த நிலை என்றால், பழைய ரஞ்சி ஆட்டம், தேசியத் தடகளம், கைப்பந்துப் போட்டி இவற்றின் கதி என்ன? ஸ்கோர் எங்காவது கிடைக்கலாம். ஆட்டம் எப்படித் திரும்பியது என்பது அந்தப் பக்கங்களில்தான் இருக்கிறது.

இதை ஏன் இங்கே எழுதுகிறேன்? நம் நூலக ஸ்டோர் ரூமில் பழைய ஸ்போர்ட்ஸ்டார் கட்டுகளும், பட்டோடி ஆசிரியராக இருந்து இப்போது நின்றுபோன ஸ்போர்ட்ஸ் வேர்ல்டு இதழ்கள் சிலவும் கிடக்கின்றன. கோடை விடுமுறையில் எல்லாம் எடைக்குப் போகிறதாம். இடமில்லை என்கிறார்கள். அது நியாயமான காரணம்தான். அதற்கு வழி இருக்கிறது. ஒரே இதழ் இரண்டு இருந்தால் ஒன்றைப் போடலாம். பாதிப் பக்கம் போனதையும் போடலாம். மீதிக்கு ஒரு பீரோ போதும்.

பாதுகாப்பதும் பெரிய வித்தையில்லை. மரக்கூழில் உள்ள லிக்னின்தான் வெளிச்சமும் காற்றும் பட்டு மலிவுக் காகிதத்தை மஞ்சளாக்குகிறது. ஈரம் பட்டால் பின் துருப்பிடித்துத் தாளை அரிக்கும். எனவே வெயிலும் ஈரமும் படாத இடத்தில் படுக்க வைத்து அடுக்க வேண்டும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டவே கூடாது. நாளடைவில் பசை கறையாகிவிடும்.

மாணவர் சங்கம் நிர்வாகத்திடம் பேசி இந்த விற்பனையை நிறுத்தி வைக்க வேண்டும். தேதி வாரியாகப் பிரித்துப் பட்டியல் எழுத, சனிக்கிழமை மதியங்களில் நாலு பேர் வந்தால் போதும். நான் ரெடி. மீதி மூணு பேர் யாருப்பா?

– மூன்றாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை