நாட்டின் பெயர் சூடிய நோய்

ஒரு பொருளுக்கு இட்ட பெயரே அப்பொருளை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுவதுண்டு. முள்ளந்தண்டு நோய் ஒன்றின் வரலாற்றைப் படித்தபோது இவ்வுண்மை நமக்கு நன்கு புலனாயிற்று.

அடுக்கடுக்காய் அமைந்த முள்ளென்புகளை நீண்ட நார்ப்பட்டிகள் பிணைத்து நிற்கின்றன. அவற்றுள் ஒன்று முண்ணாணை ஒட்டிச் செல்வது. சிலரிடத்து அந்த நார்ப்பட்டி, ஆண்டுகள் செல்லச் செல்ல, என்பாக மாறித் தடிக்கின்றது. முண்ணாணுக்குரிய வழி ஒடுங்குகின்றது. தொடக்கத்தில் நோவே இல்லாதிருக்கலாம். பின்னர்ச் சட்டைப் பொத்தானைப் பூட்டக் கை தடுமாறும், கையெழுத்துக் கோணும், நடை தள்ளாடும். அந்நிலையில் ஒரு சிறு வீழ்ச்சியே கைகால்களை முடக்கிவிடவுங் கூடும்.

இலண்டன் கைஸ் வைத்தியசாலையைச் சேர்ந்த கீ என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர், முள்ளந்தண்டு நார்ப்பட்டி தடித்து முண்ணாணை நெருக்குவதைப்பற்றி 1838 ஆம் ஆண்டிலேயே எழுதினார். ஆயினும் 1960 ஆம் ஆண்டில் யப்பானிய வைத்தியர் ஒருவர் பிரேத பரிசோதனையிற் கண்டு வெளியிட்ட பின்னரே இதன்மேற் கவனம் திரும்பியது. 1975 இல் யப்பானிய அரசு தனி ஆய்வுக்குழுவொன்றை அமைத்தது. அந்நாட்டில் வளர்ந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 4 பேர்வரை இஃது உடையர் எனக் கணக்கிட்டனர். 'யப்பானிய நோய்' என்ற பெயரும் நிலைத்துவிட்டது.

பெயர் நிலைக்கவே, பிறநாட்டு நோயாளரிடம் இதனைத் தேட வேண்டும் என்ற எண்ணம் குன்றியது. ஆனால் அரபு நாட்டு வைத்தியர்கள் தம் நோயாளரிடமும் இதனைக் கண்டுள்ளனர். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில், விபத்துற்று வந்தோரின் கழுத்தைச் சீ.ரீ. கருவியாற் படமெடுத்து ஆராய்ந்தபோது, ஆசிய வழியினரிடம் மிகுதியாகவும், வெள்ளையரிடத்து நூற்றுக்கு ஒருவர் அளவிலும் இது காணப்பட்டது.

அப்படியாயின் அராபியரில் எத்தனை பேருக்கு இந்நோய் உண்டு? மாணவர் இங்கு ஒன்றைக் கருதல் வேண்டும். கழுத்து நோவென்று வைத்தியசாலைக்கு வந்தோரை மட்டும் எண்ணினால் தொகை பெருகும். சாதாரண எக்ஸ் கதிர்ப் படத்தை மட்டும் நம்பினால் சிறு என்பாக்கங்கள் தப்பித் தொகை குறையும். மொறோக்கோ முதல் ஓமான் வரை பரந்து வாழும் மக்களை ஒரு நகரத்து வைத்தியசாலைக் கணக்கால் அளத்தல் பொருந்தாது. எத்தனை பேர் என்று கேட்குமுன், யாரை, எவ்வாறு எண்ணினர் என்று கேட்பதே அறிவு.

இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. நீரிழிவும் உடற்பருமனும் உடையோரிடத்து இவ்வென்பாக்கம் மிகுதி என்பர். வளைகுடா நாடுகளிலோ நீரிழிவு பெரிதும் பரவியுள்ளது. கைவிரல் மரத்துப்போன அராபியர் ஒருவரை, 'நீரிழிவினால் வந்தது' என்றோ, 'முதுமை' என்றோ கூறி அனுப்பிவிடல் எளிது. முண்ணாண் நெடுநாள் நசுங்கியபின் செய்யும் சத்திரசிகிச்சை, இழந்த வலிமையை முழுதும் மீட்டுத் தருவதில்லை. காலத்தே கழுத்தைப் படமெடுத்துப் பார்த்தால் அவர் தம் கையையும் காலையும் காத்துக்கொள்ளலாம்.

நோயையும் அதன் காரணத்தையும் ஆராய்ந்து மருத்துவஞ் செய்க என்றார் வள்ளுவர். நோயாளி எந்நாட்டார் என்பதைக்கொண்டு ஆராயாது விடுக என்று அவர் கூறினாரில்லை.