அஞ்சலுக்கும் தலைக்கும் இடையே

கொச்சி சமஸ்தானத்து ஸ்டாம்புகளில் எனக்கு மிகவும் பிடித்தவை இரண்டு. இரண்டும் 1949இல் வந்தவை. கறுப்பு மையில் அச்சான இரண்டணா ஸ்டாம்பில் சீனவலை இருக்கிறது. பச்சை நிறத்து இரண்டேகால் அணா ஸ்டாம்பில் டச்சு அரண்மனை. பெயர்தான் டச்சு, போர்த்துக்கீசியர் கட்டி 1555 வாக்கில் கொச்சி ராஜாவுக்குக் கொடுத்த மாளிகை அது. 1663இல் கொச்சியைப் பிடித்த டச்சுக்காரர்கள் அதைச் செப்பனிட்டதால் அவர்கள் பெயர் ஒட்டிக்கொண்டது. இங்கே வசிக்கிற எங்களுக்கு அது மட்டாஞ்சேரி அரண்மனை.

இந்த இரண்டு ஸ்டாம்பும் எங்கள் பக்கத்து வீட்டுப் பெண்ணின் ஆல்பத்தில் இருக்கின்றன. எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பொங்கலுக்குச் சேர்ந்து நடத்தும் சின்னக் கண்காட்சியில் ஆல்பத்தை வைக்கப் போகிறாள். அதற்காக முதல் பக்கத்தில் தமிழில் தலைப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் வீட்டில் வழக்கு கிளம்பியது.

“மாமா, அஞ்சல்தலைன்னு சேர்த்து எழுதினேன். தாத்தா தப்புங்கிறார். அஞ்சல் தனி, தலை தனியாம்.”

“பேப்பர்ல அப்படித்தான் போடறாங்க” என்றார் தாத்தா. “எங்க காலத்துல தபால் தலைன்னு ரெண்டாத்தான் எழுதுவோம்.”

“மலையாளத்துல இந்த மாதிரி வார்த்தையெல்லாம் சேர்த்துத்தானே எழுதறோம், தாத்தா?”

“அது மலையாளம்மா.”

நான் அந்தப் பெண்ணின் பக்கம். ஏன் என்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு இடைவெளிக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். ஆனால் தமிழில் அச்சாகும் எதைப் புரட்டினாலும் தபால் தலை, தபால்தலை, அஞ்சல் தலை, அஞ்சல்தலை என்று நாலு விதமாகவும் கிடைக்கிறது. ஒரே கட்டுரையில் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் வருவதும் உண்டு. குழந்தைகள் கையில் இருக்கும் ஒரு நல்ல பொழுதுபோக்குக்கு நிலையான பெயர்கூட நாம் வைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் இருக்கிறது.

முதலில் ‘தலை’. 1840இல் இங்கிலாந்து வெளியிட்ட உலகின் முதல் ஸ்டாம்பில் விக்டோரியா ராணியின் தலை இருந்தது. அதற்குப் பிறகு ராஜா, ராணி, ஜனாதிபதி என்று எத்தனையோ தலைகள் வந்தன. ஆனால் எங்கள் பக்கத்துக் கதை வேறு. 1888இல் வந்த திருவிதாங்கூரின் முதல் ஸ்டாம்பில் சங்குதான் இருந்தது. 1892இல் கொச்சி வெளியிட்ட அரை, ஒன்று, இரண்டு புத்தன் ஸ்டாம்புகளில் சமஸ்தானச் சின்னம். புத்தன் என்பது அன்றைய கொச்சி நாணயம். ஆறு புத்தன் ஐந்தணாவுக்குச் சமம். அந்தக் காலத்துக் கொச்சி ஸ்டாம்புகளின் தாளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே நீரெழுத்தாக ஒரு குடை தெரியும். கொச்சி ஸ்டாம்பில் ராஜாவின் முகம் ஏறியது 1911இல்தான். அதுவரை குடைக்கும் சங்குக்கும் தலை ஏது? 1968 டிசம்பர் 15 அன்று மட்டாஞ்சேரி பரதேசி யூதப்பள்ளியின் நானூறாம் ஆண்டுக்காக இந்திய அரசு வெளியிட்ட இருபது பைசா ஸ்டாம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விழாவுக்குப் பிரதமர் இந்திரா காந்தியே வந்திருந்தார். ஸ்டாம்பில் இருப்பதோ பள்ளியின் உட்புறம் மட்டும். ஆள் யாரும் இல்லை. ஆனாலும் அது அஞ்சல்தலைதான்.

ஆக, ‘தலை’ என்ற சொல் இங்கே தன் சொந்தப் பொருளில் வரவில்லை. அஞ்சலோடு சேர்ந்தால் மட்டுமே அதற்கு இந்தப் பொருள். ஒட்டினால்தான் பொருள் வருகிறது என்றால் ஒட்டித்தான் எழுத வேண்டும். பெரியப்பாவை யாரும் ‘பெரிய அப்பா’ என்று எழுதுவதில்லை. பிரித்து எழுதினால் உறவே மாறிவிடும். ஃபோர்ட் கொச்சிக் கடற்கரையில் நிற்கும் வலைகளை மலையாளிகள் ‘சீனவல’ என்று ஒரே சொல்லாக எழுதுகிறார்கள். தமிழ்ப் பத்திரிகைகளில் ‘சீன வலை’ என்று பார்க்கும்போதெல்லாம், சீனாவிலிருந்து இறக்குமதியான ஏதோ ஒரு வலையைப் பற்றிய செய்தி போலத் தெரிகிறது. மரச்சட்டத்தில் நாலு மூலையும் கட்டித் தண்ணீருக்குள் இறக்கி, எதிர்முனையில் கல்லைத் தொங்கவிட்டு ஆட்கள் கயிற்றை இழுத்து ஏற்றுகிற அந்தப் பெரிய கருவி கண்முன் வர வேண்டுமானால் ‘சீனவலை’ என்று சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

இலக்கணம் என்ன சொல்கிறது என்று தாத்தா கேட்டார். நியாயமான கேள்வி. தொகைச் சொற்கள் எத்தனை உறுப்புகள் கொண்டிருந்தாலும் ஒரே சொல்லைப் போல நடப்பவை என்பது எச்சவியலில் தொல்காப்பியர் சொல்லும் கருத்து. அவர் அதைச் சொன்ன காலத்தில் இடைவெளி என்ற பேச்சே இல்லை. ஓலைச்சுவடியில் சொல்லுக்குச் சொல் இடம்விட்டு எழுதும் வழக்கமும் கிடையாது. எழுத்தாணி வரி முழுவதும் தொடர்ந்து ஓடும். எங்கே முறிப்பது என்பதைப் படிக்கிறவரே அறிந்து முறித்துக்கொள்வார். அச்சு வந்த பிறகுதான் எங்கே இடம் விடுவது என்ற பிரச்சினை எழுத்துக்கு வந்தது. அதை இன்னும் நாம் முழுதாகத் தீர்க்கவில்லை. மொழி அறக்கட்டளையின் ‘தமிழ் நடைக் கையேடு’ போன்ற சில முயற்சிகள் இந்தச் சேர்ப்பு, பிரிப்பு விஷயத்தைக் கவனத்துடன் எடுத்துக்கொண்டன. பத்திரிகை அலுவலகங்களில் அவற்றைப் புரட்டுகிறவர்கள் குறைவு.

ஆனால் இந்தச் சொல் பிரிந்து கிடப்பதற்கு நான் நினைக்கும் காரணம் வேறு. சந்தி பற்றிய பயம். அஞ்சல் என்பதில் ல், தலை என்பதில் த். பழைய விதிப்படி இரண்டும் சேர்ந்தால் ‘அஞ்சற்றலை’ ஆக வேண்டும். அப்படி எழுதினால் இன்று எந்தப் பிள்ளைக்கும் புரியாது. சேர்த்து எழுதிவிட்டுச் சந்தியைச் செய்யாமல் விட்டால் பண்டிதர் கோபிப்பார். எனவே இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் விட்டுவிட்டால் பிழைத்தோம் என்று ஆகிவிட்டது. இந்தப் பயம் தேவையில்லாதது. ‘கால்தடம்’ என்று எல்லோரும் எழுதுகிறோம். ‘காற்றடம்’ என்று எழுதினால் காற்றின் தடமா என்று கேட்பார்கள். கோயிலுக்கு எடுப்பது பால்குடம்தான். பாற்குடம் என்று யார் சொல்கிறார்கள்? வாயில் வழங்கும் வடிவத்திலேயே சேர்த்து எழுதத் தமிழ் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டது. ‘அஞ்சல்தலை’யும் அந்த வரிசையில் நிற்கட்டும்.

இலங்கைத் தமிழர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவர்கள் ‘முத்திரை’ என்கிறார்கள், ‘முத்திரை சேகரிப்பு’ என்கிறார்கள். சுருக்கமான, அழகான சொல். மலையாளத்திலும் ‘தபால் முத்ர’ உண்டு. தமிழ்நாட்டிலும் அந்தச் சொல்லே நிலைத்திருந்தால் இந்தப் பத்தியை எழுத வேண்டி வந்திருக்காது.

கொச்சியில் உட்கார்ந்து ‘அஞ்சல்’ என்ற சொல்லை எழுதுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு. திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் பிரிட்டிஷ் இந்தியாவின் தபாலிலிருந்து தனியான கடிதப் போக்குவரத்து இருந்தது. அதன் பெயரே அஞ்சல். ராஜா முகம் போட்ட ஸ்டாம்பில் ‘கொச்சின் அஞ்சல்’ என்று ஆங்கில எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். மணி கட்டிய கோலுடன் கடிதப் பையைச் சுமந்து ஓடியவரை இங்கே ‘அஞ்சலோட்டக்காரன்’ என்றார்கள். அஞ்சல், ஓட்டம், காரன் மூன்றும் ஒரே சொல்லில். மணிச்சத்தம் கேட்டால் வழியில் நிற்பவர்கள் விலகி நிற்க வேண்டும். 1951இல் அந்த அஞ்சல் இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. அதற்குப் பின் நடந்ததுதான் விசித்திரம். கேரளத்தில் அஞ்சல் என்ற சொல் மெல்ல மறைந்து தபால் நிலைத்தது. தமிழ்நாட்டிலோ தபால் பின்னுக்குப் போய் அஞ்சலகம், அஞ்சல் துறை என்று பலகைகள் மாறின. இங்கே ஓய்வுபெற்ற சொல்லுக்கு அங்கே வேலை கிடைத்தது.

சேர்ப்பதா, பிரிப்பதா என்ற குழப்பம் அன்றைய ஸ்டாம்பிலேயே பதிவாகியிருக்கிறது. 1949 ஜூலை 1 அன்று இரண்டு சமஸ்தானங்களும் ஒன்றாயின. கையிருப்பில் இருந்த கொச்சி ஸ்டாம்புகளின் மேல் புதிய ராஜ்யத்தின் பெயரை யு.எஸ்.டி.சி. என்று நாலு எழுத்தாக, நாலு புள்ளியோடு குத்தினார்கள். பிறகு அது டி.-சி. என்று சுருங்கி, நடுவே ஒரு சிறுகோடு வந்தது. ஜனங்கள் அந்தக் கோட்டையும் விட்டுவிட்டுத் ‘திருக்கொச்சி’ என்று ஒரே மூச்சில் சொன்னார்கள். 1956 நவம்பர் 1 அன்று கேரளம் பிறந்தது. அதில் எந்தக் கோடும் இல்லை.

வெளியுலகிலும் இதே கதைதான். ஆங்கிலத்தில் ‘போஸ்டேஜ் ஸ்டாம்ப்’ இரண்டு சொல். ஜெர்மானியர் ‘பிரீஃப்மார்க்க’ என்று ஒன்றாக எழுதுவார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ‘டேம்பர்-போஸ்ட்’ என்று நடுவில் கோடு போட்டார்கள். பொழுதுபோக்குக்கு அவர்கள் முதலில் வைத்த பெயர் ‘ஸ்டாம்புப் பித்து’ என்ற பொருள்பட இருந்தது. ஜார்ஜ் ஹெர்பேன் என்ற சேகரிப்பாளருக்கு அது பிடிக்கவில்லை. 1864இல் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டி ‘ஃபிலாடலி’ என்ற ஒரே சொல்லை உண்டாக்கினார். அதில் ஒரு பாதிக்கு விருப்பம் என்றும், மறுபாதிக்கு வரியில்லாதது என்றும் பொருள். கடிதத்தைப் பெறுகிறவர் காசு கொடுக்க வேண்டியதில்லை, அனுப்பியவரே கட்டிவிட்டார் என்பதைத்தானே ஸ்டாம்பு சொல்கிறது! பித்து என்று கேலிக்கு ஆளானவர்கள் அதன் பிறகு தங்களை ஒரு துறையின் ஆட்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். பெயரை ஒழுங்காக வைப்பது சிறிய வேலை இல்லை.

தாத்தா ஒரு நல்ல கேள்வி கேட்டார். “அப்போ சேகரிப்பையும் சேர்த்து ஒரே சொல்லா எழுதிடலாமே?”

கூடாது என்பது என் கட்சி. ஒரு எளிய சோதனை இருக்கிறது. நடுவே வேறு சொல்லை நுழைத்துப் பாருங்கள். ‘அஞ்சல் பழைய தலை’ என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே அங்கே இடைவெளிக்கு இடமில்லை. ‘அஞ்சல்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் சேகரிப்பு’ என்று சொல்ல முடிகிறது. எனவே சேகரிப்பு தனியே நிற்கும் சொல். அது ஒரு செயல். எதைச் சேகரித்தாலும் அதே செயல்தான். அதனால் ‘அஞ்சல்தலை சேகரிப்பு’. நடுவில் ச் போட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு: ‘சிலை கடத்தல்’ என்று எழுதும்போது க் போடுவதில்லை. இங்கும் வேண்டாம்.

இது வெறும் அழகுக்கான வாதமும் இல்லை. கணினியிலும் நூலகப் பட்டியலிலும் பிள்ளைகள் தேடும்போது, சேர்த்து அடித்தால் ஒரு குவியல் வருகிறது, பிரித்து அடித்தால் வேறொரு குவியல். பாதிப் புத்தகம் பாதிப் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போகிறது. 2017இல் தொடங்கிய தீன தயாள் ஸ்பர்ஷ் திட்டத்தில், ஆறிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை படித்து இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபடும் மாணவர்களுக்கு அஞ்சல் துறை ஆண்டுக்கு 6,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. தமிழில் படிக்கிற பிள்ளை அதைப் பற்றித் தேட வேண்டுமென்றால் எந்த எழுத்தில் தேடுவது என்பது நிச்சயமாக இருக்க வேண்டாமா?

சேகரிப்பாளர்களுக்கும் ஒன்று சொல்வேன். தாளிலிருந்து கிழிக்காமல் ஒட்டியபடியே இருக்கும் இரண்டு ஸ்டாம்புகளை நாம் ‘ஜோடி’ என்று தனியாகப் போற்றுகிறோம். நடுவில் துளை போட மறந்த ஜோடி என்றால் இன்னும் மதிப்பு. அதை யாராவது கிழித்தால் மனம் பதறுகிறது. அதே அக்கறையைச் சொல்லின் மேலும் வையுங்கள்.

அந்தப் பெண் முதல் பக்கத்தில் சேர்த்தே எழுதிவிட்டாள். தாத்தா இன்னும் சம்மதிக்கவில்லை. அது அவர் உரிமை.

நான் கேட்பது பத்திரிகை ஆசிரியர்களிடமும் பாடநூல் தயாரிப்பவர்களிடமும். அஞ்சல்தலை என்று சேர்த்து எழுதுங்கள். தபால் என்ற சொல்தான் பழக்கம் என்றால் தபால்தலை என்று சேர்த்து எழுதுங்கள். சேகரிப்பை மட்டும் தள்ளி எழுதுங்கள். என் கருத்தை ஏற்காவிட்டாலும், உங்கள் பத்திரிகையில் ஏதேனும் ஒன்றை முடிவு செய்து எல்லாப் பக்கத்திலும் அதையே போடுங்கள்.