செடிக்கு எந்த நீர்?

 

கடலோரத்து ஊர்களில் நம்மவர் வாழும் இல்லங்கள் பலவற்றில் இன்று மூன்று வகை நீர் புழங்குகிறது. குளிக்கவும் துவைக்கவும் உப்புக் கரிக்கும் கிணற்று நீர் ஒன்று. சமையலுக்குக் குழாய் நீர் மற்றொன்று. குடிப்பதற்கு ஆர்.ஓ. கருவியில் வடித்தெடுத்த நீரோ, விலை கொடுத்து வாங்கும் கேன் நீரோ மூன்றாவது. முற்றத்திலும் மாடியிலும் நாலு செடி வளர்க்கும் குடும்பத்தார் மனத்தில் அப்போது ஒரு கேள்வி எழுகிறது. இவற்றுள் எதைச் செடிக்கு ஊற்றுவது? குடிக்கும் நீரைச் செடிக்கு வார்த்தால் அது வீண் விரயம் ஆகிவிடாதா?

இந்தக் கேள்விக்கு நான் கண்ட விடை ஓர் இழப்பின் வழியே வந்தது. என் உம்மா மண்தொட்டியில் ஒரு பன்னீர் ரோஜா வளர்த்து வந்தார்கள். அவர்கள் வஃபாத்தான பின்னர், அவர்களின் கை பட்டு உயிரோடு எஞ்சியது அந்தச் செடி ஒன்றுதான். வீட்டில் ஆர்.ஓ. கருவி பொருத்திய நாளில், அதிலிருந்து கழிவாக ஓடும் நீரைக் கண்டு என் மனம் பதைத்தது. "இதை ஏன் சாக்கடையில் விட வேண்டும்?" என்று வாளியில் பிடித்து, நாள்தோறும் ரோஜாவுக்கே ஊற்றினேன். சிக்கனம் செய்கிறோம் என்ற நிறைவு எனக்கு. இரண்டு மாதங்களில் இலை நுனிகள் பழுப்பேறிக் கருகின. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படலம் பூத்தது. நீர் போதவில்லையோ என்று எண்ணி அதே நீரை இன்னும் கூடுதலாக ஊற்றினேன். செடி பட்டுப் போயிற்று.

எண்ணம் நல்லதாக இருந்தது. அறிவு குறைவாக இருந்தது. அந்தக் குறை உங்கள் இல்லத்தில் நேராதிருக்கவே இதனை எழுதுகிறேன்.

வடித்த நீரும் கழிந்த நீரும்

ஆர்.ஓ. கருவி உப்பை அழிப்பதில்லை. பிரித்து ஒதுக்குகிறது, அவ்வளவே. நுண்ணிய சவ்வு ஒன்றின் வழியே நீரை அழுத்தும்போது ஒரு பகுதி நீர் உப்பு நீங்கி அப்பால் செல்கிறது. விடுபட்ட உப்பு முழுவதும் மீதி நீரில் தங்கிக் கழிவுக் குழாய் வழியே வெளியேறுகிறது. ஒரு லிட்டர் நல்ல நீர் கிடைக்க இரண்டு லிட்டரோ அதற்கு மேலோ இவ்வாறு கழிவது வீட்டுக் கருவிகளில் வழக்கம்.

கணக்கிட்டுப் பாருங்கள். கிணற்று நீரில் லிட்டருக்கு 900 மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்று கொள்வோம். மூன்று லிட்டரில் 2,700 மில்லிகிராம். வடித்த ஒரு லிட்டரில் 50 மட்டும் போனால், எஞ்சிய 2,650 மில்லிகிராமும் கழிவு நீர் இரண்டு லிட்டரில் நிற்கும். அதாவது லிட்டருக்கு 1,325. கிணற்று நீரையே அரும்பாடுபட்டுத் தாங்கிக்கொண்டிருந்த ரோஜாவுக்கு, அதனினும் ஒன்றரை மடங்கு உப்பு நீரை நான் கொடுத்திருக்கிறேன். தொட்டியில் நீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. நாளுக்கு நாள் அது மண்ணில் சேர்ந்து, ஈரம் இருந்தும் வேர் உறிஞ்ச இயலாத நிலையை உண்டாக்கும்.

எவ்வளவு உப்பு தகும்?

ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம் 1985-இல் திருத்தி வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, லிட்டருக்கு 450 மில்லிகிராம் வரை உப்புள்ள நீரை எந்தப் பயிருக்கும் தயக்கமின்றிப் பாய்ச்சலாம். 450 முதல் 2,000 வரை பயிரறிந்து, கவனத்துடன் பாய்ச்ச வேண்டும். 2,000-க்கு மேல் கடும் கட்டுப்பாடு தேவை. இதை அளக்கப் பேனா வடிவில் டி.டி.எஸ். மீட்டர் என்னும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. தெருவில் ஒரு வீட்டில் இருந்தால் போதும், எல்லோரும் அளந்துகொள்ளலாம்.

எல்லாச் செடியும் ஒன்றல்ல. ரோஜா, பீன்ஸ், காரட், வெங்காயம் ஆகியவை உப்பைப் பொறுக்காதவை. தக்காளியும் மிளகாயும் ஓரளவு பொறுக்கும். தென்னை நன்கு தாங்கும். பேரீச்சையோ உப்பு நிலத்திலும் நிமிர்ந்து நிற்கும்.

வடித்த நீரை வாங்கி ஊற்றலாமா?

ஊற்றினால் செடிக்குக் கேடில்லை. அந்நீரில் சுண்ணாம்புச் சத்தும் மெக்னீசியமும் மிகக் குறைவு. ஆதலால் தொட்டியில் மக்கிய எருவை அவ்வப்போது இட வேண்டும். ஆனால் முழுவதும் அந்நீரையே ஊற்றுவது பெரும்பாலும் தேவையற்றது. கலந்து ஊற்றினால் போதும். 1,500 அளவுள்ள கிணற்று நீர் ஒரு பங்கும், 50 அளவுள்ள வடித்த நீர் இரண்டு பங்கும் கலந்தால் ஏறத்தாழ 530 ஆகிவிடும்.

கொதிக்க வைத்து ஆற்றிய நீர் கிருமி நீங்கியதே தவிர உப்பு நீங்கியதன்று. புற ஊதாக் கதிர்க் கருவியும் அத்தகையதே. கடின நீரை மென்னீராக்கும் கருவியில் மேலும் ஒரு தீங்குண்டு. அது சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. சோடியம் மிகுந்தால் களிமண் இறுகி, நீரும் காற்றும் இறங்கா. துணி துவைக்க ஏற்ற அந்த நீர் செடிக்கு ஏற்றதன்று. குளோரின் வாடை வீசும் குழாய் நீரை மட்டும் வாளியில் ஓர் இரவு திறந்து வைத்தால் வாடை பெரிதும் அகன்றுவிடும்.

வானம் தரும் தூய நீர்

இறைவன் வானிலிருந்து இறக்கும் நீரைத் தூய்மையாக்கும் நீர் என்று திருக்குர்ஆனின் அல்ஃபுர்கான் அத்தியாயம் சிறப்பிக்கிறது. செடிக்கும் அதனினும் மேலான நீர் இல்லை. நாற்பது சதுர மீட்டர் மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 800 லிட்டர்! அதில் பாதியைப் பிடித்தாலும் தொட்டிச் செடிகளுக்குப் பல நாள்களுக்குப் போதும். முதல் மழையின் அழுக்கை ஓடவிட்டுப் பின்னர் பிடியுங்கள். கொசு புகாதபடி இறுக மூடுங்கள். டெங்குக் கொசு வளர்வது இத்தகைய நன்னீரில்தான்.

அரிசி களைந்த நீரும் காய்கறி கழுவிய நீரும் நல்லவை. ஏ.சி. கருவியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு. எனினும் அது உலோகக் குழாய்களின் மேல் படிந்து வருவதால், உண்ணும் கீரைக்கு வேண்டாம், பூச்செடிக்கு ஊற்றலாம்.

உளூச் செய்த நீர் என்ன? ஒருமுறை உளூவுக்குப் பயன்பட்ட நீர் தன்னளவில் சுத்தமானது, ஆயினும் மீண்டும் உளூச் செய்ய உதவாது என்பதே ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகளின் முடிவு. ஆகவே அதனைச் செடிக்கு விடுவதில் தடையேதும் இல்லை. உங்கள் கிணறு உப்பாயின் அந்த நீரும் உப்பே என்பதை மட்டும் மறவாதீர்கள். அது தென்னைக்கும் வேம்புக்கும் போகட்டும். மஹல்லாப் பள்ளிவாசலில் நாள்தோறும் ஐந்து வேளை ஓடும் அந்நீருக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் நிழல் மரங்கள் செழிக்குமே!

வீண் விரயமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து நீரில், அதாவது இரு கை கொள்ளும் அளவு நீரில் உளூச் செய்தார்கள் என்று ஹதீஸ் நூல்கள் கூறுகின்றன. அதே நாயகம் (ஸல்) அவர்கள், ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது நட்டவருக்குத் தர்மமாகும் என்றும் அறிவித்தார்கள். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் தெளிவு பிறக்கும். தேவைக்கு ஊற்றுவது விரயமன்று. அறியாமல் ஊற்றிச் செடியையும் நீரையும் ஒருங்கே இழப்பதுதான் விரயம். நான் செய்தது அதுவே.

உங்கள் தொட்டியில் வெள்ளைப் படலம் கண்டால் மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடித்துளை வழியே நன்றாக வடியும் வரை மழை நீரையோ நல்ல நீரையோ இரண்டு மூன்று முறை ஊற்றுங்கள். உப்பு கழுவிச் செல்லும். வேர் உயிரோடிருந்தால் செடி தழைக்கும்.

உம்மாவின் ரோஜாவிலிருந்து முன்பொரு காலத்தில் என் தங்கை ஒரு கொம்பு ஒடித்துச் சென்றிருந்தாள். அது அவள் வீட்டில் பூக்கிறது. அதிலிருந்து ஒரு கொம்பு இப்போது என் மாடிக்கு வந்திருக்கிறது. அருகிலேயே மழை நீர்ப் பானை, வாய் கட்டி வைத்திருக்கிறேன். துளிர் விட்டிருக்கிறது, அல்ஹம்து லில்லாஹ்.