சப்பல் பிலிப்பும் எமது பிள்ளைகளும்

"உங்கள் மகன் வகுப்பில் அமைதியாக இருப்பதில்லை. ஒருமுறை வந்து பேசவும்" எனப் பாடசாலையிலிருந்து கடிதம் வந்தால், எமது வீடுகளில் இரண்டில் ஒன்று நடக்கின்றது. பிள்ளைக்கு அடி விழுகின்றது. அல்லது, வெளிநாட்டுப் பிள்ளை என்பதால் விசேட பாடசாலைக்குத் தள்ளப் பார்க்கின்றார்கள் என்று ஆசிரியர்மீது கோபம் எழுகின்றது. மொழி போதாமையை அறிவுக்குறைவு எனக் கருதி அவ்வாறு அனுப்பப்பட்ட பிள்ளைகள் எம்மிடையே இருந்தமையால், அந்த ஐயத்தை நாம் குறைகூற மாட்டோம். ஆயினும், 'ஆ.டே.ஹா.எஸ்' என்னும் நான்கு எழுத்துக்களை ஆசிரியர் கூறினால், அவற்றின் பொருளை முதலில் அறிந்துகொள்வது நன்று.

கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த கோளாறு என அதனைத் தமிழிற் கூறலாம். ஜேர்மனியருக்கு இத்தகைய பிள்ளை புதியவன் அல்லன். பிராங்க்பேர்ட் வைத்தியர் ஹைன்றிக் ஹொப்மன் தம் மகனுக்காக எழுதிய 'ஸ்ருவெல்பீற்றர்' என்னும் நூல் 1845 இல் அச்சேறியது. அதன் பின்வந்த பதிப்பில், உணவு மேசையிற் கதிரையை ஆட்டி ஆட்டி, மேசைவிரிப்போடும் கோப்பைகளோடும் சேர்ந்து விழும் 'சப்பல் பிலிப்' வருகின்றான். துருதுருத்த பிள்ளையை இன்றும் இங்கு அப்பெயரால் அழைப்பர்.

துருதுருப்பு யாவும் கோளாறு ஆகிவிடாது. பன்னிரண்டு வயதுக்கு முன்னரே தொடங்கி, ஆறு மாதங்களுக்கு மேலாக, வீட்டிலும் பாடசாலையிலும் காணப்பட்டு, பிள்ளையின் கல்வியையும் நட்பையும் கெடுத்தால் மட்டுமே அவ்வாறு கொள்வர். இதனை இரத்தப் பரிசோதனையாற் கண்டுபிடிக்க முடியாது. போரின் நினைவும் உறக்கமின்மையும் விளங்காத மொழியும்கூடப் பிள்ளையை அமைதியற்றவனாக்கும். ஆகவே, குடும்பத்தின் கதை முழுவதையும் வைத்தியர் கேட்டாக வேண்டும்.

கொல்ன் பல்கலைக்கழக மருத்துவமனையிற் பணியாற்றிய உளவியலாளர் மன்பிரெட் டொப்னர், தம் சகாக்களுடன் 1997 இல் 'தொப்' என்னும் சிகிச்சைத் திட்டத்தை வெளியிட்டார். அதிற் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் பெரும் பங்கு உண்டு. பிள்ளையிடம் தமக்குப் பிடித்தவற்றைப் பெற்றோர் கவனிக்கின்றனர். அவனோடு விளையாட நேரம் ஒதுக்குகின்றனர். தூர நின்று கத்தாமல், அருகிற் சென்று, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் சொல்கின்றனர். செய்தவுடன் பாராட்டுகின்றனர். தேவைப்படின் மெதில்பெனிடேற் என்னும் மருந்தும் கொடுக்கப்படலாம். அது போதைப்பொருட் சட்டத்தின் கீழ் வருவதாற் கண்டிப்பான மருத்துவக் கண்காணிப்புடனேயே வழங்கப்படுகின்றது.

ரொபேர்ட் கொக் நிறுவனம் 2003 முதல் 2006 வரை நாடளாவிய ஆய்வொன்றை நடத்தியது. 3 முதல் 17 வயது வரையானோரில் நூற்றுக்கு 4.8 வீதத்தினருக்கு இக்கோளாறு கண்டறியப்பட்டிருந்தது. குடிபெயர்ந்து வந்தோரின் பிள்ளைகளிடையே கண்டறியப்பட்டோர் குறைவு, ஐயத்துக்குரியோரோ அதிகம். உதவி தேவைப்படும் எமது பிள்ளைகள் சிலர் உதவியின்றி இருக்கின்றனர் என்றே நாம் இதனை விளங்கிக்கொள்கின்றோம்.

ஊரில் நாம் ஆசிரியராக இருந்த காலத்தில் ஒரு மாணவன் இருந்தான். கணக்கை வாயாற் கேட்டால் எல்லோருக்கும் முன்னதாக விடை சொல்வான். கொப்பியில் எழுதச் சொன்னாற் பாதியில் எழும்பி விடுவான். 'குழப்படிகாரன்' என்று பெயர் சூட்டினோம். வெயிலில் முழங்காலில் நிறுத்தினோம். பிரம்பால் அடித்தோம். அடுத்த வருடம் அவன் படிப்பை விட்டுவிட்டான். அவனுக்கு இக்கோளாறு இருந்ததா என இன்று எவராலும் கூற முடியாது. எமது பிரம்பு அவனை ஒருநாளேனும் அமைதிப்படுத்தவில்லை என்பதை மட்டும் நாம் அறிவோம்.

இந்நாட்டிற் பிள்ளைகளுக்கு வன்முறையின்றி வளரும் உரிமை 2000 ஆம் ஆண்டிலிருந்து சட்டத்தில் உண்டு. ஆகவே கடிதம் வந்தாற் பிரம்பைத் தேடாதீர்கள். கடிதத்தைக் கிழித்தும் எறியாதீர்கள். முதலிற் குழந்தை வைத்தியரிடம் செல்லுங்கள். வேண்டுமாயின் அவர் சிறுவர் உளநல வைத்தியரிடம் அனுப்புவார். மொழிபெயர்க்க வளர்ந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். தன்னைப் பற்றிய குறைகளைத் தானே தாய்க்கு மொழிபெயர்த்துச் சொல்லும் நிலைக்கு எந்தப் பிள்ளையையும் ஆளாக்கக் கூடாது.