திண்ணையை விட்டு இறங்காத சமூகவியல்

தஞ்சை வயற்காட்டை வைத்து உலகத்துக்கே சாதிப் பாடம் நடத்தியிருக்கிறார்கள். குத்தாலத்துக்காரனான எனக்கு அது கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. 1951-53இல் காத்லீன் கஃப் வந்து 'கும்பப்பேட்டை' என்ற புனைபெயரில் ஒரு கிராமத்தை எழுதினார். 1961-62இல் தில்லியிலிருந்து வந்த ஆந்த்ரே பெத்தேய் தன் கிராமத்துக்கு 'ஸ்ரீபுரம்' என்று பெயர் வைத்தார். 'சாதி, வர்க்கம், அதிகாரம்' என்ற அவர் நூல் 1965இல் வந்தது.

பெத்தேய் தங்கியது அக்ரகாரத்தில். அங்கே தங்கியதால் சேரிக்குள் சகஜமாகப் போய்வர முடியவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். அந்த நேர்மையை மதிக்கிறேன். என் கேள்வி தனிமனிதரைப் பற்றியதல்ல. வெள்ளைக்காரன் போனான், நோட்டுப்புத்தகம் கைமாறியது. உட்கார்ந்து எழுதிய திண்ணை மட்டும் ஏன் மாறவில்லை?

நூல் வந்து மூன்றே வருஷம். 1968 டிசம்பர் 25 இரவு, அதே தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். கூலி உயர்வு கேட்டதுதான் குற்றம். அந்த நெருப்பு ஒரே ராத்திரியில் மூண்டதா என்ன? சேரி வாசலில் உட்கார்ந்தவனுக்கு முன்னாடியே புகை தெரிந்திருக்கும்.

பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை வந்தது 1919இல். அதற்கு முன்பே, 1916இல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 25 வயது அம்பேத்கர் சாதி பற்றிக் கட்டுரை வாசித்துவிட்டார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்றார். அவரைத்தான் 'சட்டமேதை' என்று சொல்லி அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள்.

இன்று நம்ம தெருப் பிள்ளைகள் ஆய்வுக்குப் போகிறார்கள். போனதும் என்ன சொல்கிறார்கள்? "உங்க ஆளுங்களைப் பத்தியே பண்ணுங்க தம்பி, சுலபமா இருக்கும்" என்று ஒரு பேராசிரியர் என்னிடமே சொன்னார். அதாவது நாம் என்றைக்கும் தரவு. அவர்கள் என்றைக்கும் கோட்பாடு.

தோழர்களே, சேரியைப் பற்றி எழுதியது போதும் என்று சொல்லவில்லை. ஊர்த்தெருவையும் எழுதுங்கள் என்கிறேன். கோயில் நிலமும் மட நிலமும் யார் குத்தகையில் இருக்கு? அந்தக் குத்தகை எப்படிக் கைமாறுது? கூலியை எந்தத் திண்ணையில் பேசி முடிக்கிறாங்க? பெண் கொடுக்கல் வாங்கல் எந்தெந்த வீட்டுக்குள்ளேயே சுத்துது? அம்பேத்கர் சொன்னபடி பார்த்தால் சாதி தயாராகிற இடம் அந்த வீடுகள்தான். ஆய்வும் அங்கேதான் நடக்க வேண்டும்.

கதவு திறக்கமாட்டார்களே என்பீர்கள். திறக்காத கதவையும் தேதி போட்டு எழுதுங்கள். அதுவும் தரவுதான்.